மிஞ்சியிருப்பது ஒரு காலைப்பொழுது: தியோங் பாருவா, ஜூ சியாட்டா, டெம்ப்சியா?

ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு உறவினர் வருகிறார்கள் என்றால் எங்கள் வீட்டில் பயணத் திட்டம் பாதி முடிவாகிவிடும். ஒரு நாள் மரினா பே, ஒரு நாள் செந்தோசா, பிள்ளைகள் உடன் வந்தால் விலங்கியல் தோட்டம், இரவில் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் சாப்பாடு, அப்படியே முஸ்தபா கடையில் சாமான் வாங்கல். எல்லாம் முடிந்து, விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு காலைப்பொழுது மிஞ்சும். அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். கூட்டம் இல்லாமல், இந்த ஊர்க்காரர்கள் வாழ்கிற இடமாக, பார்ப்பதற்குக் கலைநயத்தோடு ஒரு வட்டாரம் இருந்தால் அழைத்துப் போயேன் என்பார்கள்.

அப்படிப்பட்ட வட்டாரங்கள் இங்கே ஐந்தாறு இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஆட்களை அழைத்துப் போயிருக்கிறேன். சில இடங்களிலிருந்து அவர்கள் முகம் மலர்ந்து திரும்பினார்கள். சில இடங்களில் கால்வலியும் பசியும்தான் மிச்சம். குறை அந்த இடங்களில் இல்லை. யாருக்கு எந்த இடம், எந்த நேரத்தில் என்பதில்தான் தவறு நேர்ந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கலைநயம் என்று ஒருவர் சொல்லும்போது அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. சட்டமிட்டு மாட்டிய ஓவியங்களைப் பார்க்க ஆசையா? சுவரோவியத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அல்லது மனிதர்கள் ரசனையோடு கட்டி, இன்றும் குடியிருக்கிற வீடுகளுக்கு நடுவே நடக்க வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு திசையில் போக வேண்டும். என் மனம் மூன்றாவதன் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடியில் துணி காயாத, சமையலறையிலிருந்து தாளிக்கும் வாசனை வராத தெரு எவ்வளவு அழகாக இருந்தாலும் அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது.

ஓவியத்தில் ஆர்வம் என்றால் உடனே கில்மன் பேரக்ஸைச் சொல்வார்கள். 1936இல் பிரிட்டிஷ் படைக்காகக் கட்டிய முகாம் அது. 2012 செப்டம்பரில் சமகாலக் கலைக்கூடங்களின் தொகுதியாகத் திறந்தார்கள். மரங்கள் அடர்ந்த சரிவு, வெள்ளைக் கட்டடங்கள், கட்டணம் இல்லாத கூடங்கள் என்று கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் 2015இலேயே பல கூடங்கள் வெளியேறிவிட்டன. லாப்ரடார் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெயிலில் நடந்து, மேடேறி, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. குறிப்பிட்ட ஒரு கண்காட்சி நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போங்கள். ஓவியமே நோக்கம் என்றால் பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015 நவம்பரில் திறந்த நேஷனல் கேலரி இருக்கிறது. தென்கிழக்காசிய ஓவியங்களை அவ்வளவு பெரிய அளவில் வேறெங்கும் பார்க்க முடியாது; வெளியே மழை கொட்டினாலும் கவலை இல்லை.

டெம்ப்சி ஹில்லுக்கு வருகிறேன். வசதியான இடம் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நண்பர்கள் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டமாக இருந்த குன்று. 1860களில் அங்கே தாங்ளின் முகாம் எழுந்தது. ஆங்கிலேயர் படை 1971இல் போன பிறகு தற்காப்பு அமைச்சின் வசம் வந்தது. அறுபது வயதை நெருங்கும் சிங்கப்பூர் ஆண்களிடம் டெம்ப்சி என்று சொல்லிப் பாருங்கள். தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்குப் பெயர் பதியப் போன நாளைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். இன்று அதே நீண்ட கட்டடங்களில், அதே ஓட்டுக் கூரைக்கும் அகன்ற தாழ்வாரத்துக்கும் கீழே, உணவகங்களும் பழைய மரச்சாமான் கடைகளும் கலைக்கூடமும் இருக்கின்றன. வெளியிலிருந்து வந்து இந்த மண்ணோடு கலந்துபோன பெரனாக்கான் மக்களின் சமையலுக்கு மிச்லின் நட்சத்திரம் வாங்கிய கேண்டில்நட் இங்கேதான் இருக்கிறது. மரங்கள் கம்பீரமானவை. மழை விட்ட பின் அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பது உண்மையான சுகம்.

ஆனாலும் டெம்ப்சியில் யாரும் குடியிருக்கவில்லை. கடைகளிலும் உணவகங்களிலும் செலவழிக்க வருகிறவர்களுக்காகவே இருக்கிற இடம் அது. சாப்பிட்டு முடித்த பின் செய்வதற்கு அதிகம் இல்லை. செலவும் சாதாரணமல்ல. ஒருமுறை நால்வராகக் காலை உணவுக்குப் போனோம். பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்ததை என் மைத்துனர் கவனிக்கவில்லை. சேவைக் கட்டணம் பத்து விழுக்காடு, அதற்கு மேல் பொருள் சேவை வரி ஒன்பது விழுக்காடு என்பதுதான் அந்தக் குறிகளின் பொருள். பில் வந்ததும் அவர் மனத்துக்குள் ரூபாயாக மாற்றிக் கணக்குப் போட்டார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். விருந்தினரை அழைத்துப் போகிறவர்தான் இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். ஊரிலிருந்து வருகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இரட்டைக் கூட்டல் குறியைப் பார்த்தால் விலையோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

டெம்ப்சிக்கு நான் மனமார ஆட்களை அனுப்பும் ஒரு சந்தர்ப்பமும் உண்டு. காலையில் தாவரவியல் பூங்கா, மதியம் சாமிஸ் கறி. 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்த பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆர்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். அங்கே இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, டெம்ப்சி சாலையில் பழைய மன்றக் கட்டடத்தில் இயங்கும் அந்த உணவகத்தில் வாழையிலை போட்டு உட்கார்ந்தால், சோறும் மீன் தலைக் கறியும் வந்து சேரும். மேலே மின்விசிறி சுழலும், பக்கத்து மேசையில் ஒரு சீனக் குடும்பம் கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். வயதானவர்கள் உடன் இருந்து, டாக்சிக்குச் செலவழிக்க மனமிருந்தால் இது நல்ல தேர்வு. நேப்பியர் எம்ஆர்டியிலிருந்து நடந்தும் போகலாம், ஆனால் ஏற்றம் உண்டு.

பதின்ம வயதுப் பிள்ளைகளைக் கேட்டால் ஹாஜி லேன் என்பார்கள். கம்போங் கிளாமில் இருக்கிற குறுகலான சந்து; இரண்டு பக்கமும் கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய கடைவீடுகள், சுவர் முழுக்க வண்ணம். படம் எடுப்பதற்கு இதைவிடச் சுலபமான இடம் இல்லை. ஆனால் காலையில் போனால் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நண்பகலுக்குப் பிறகுதான் உயிர் வரும். என் கருத்தில் அந்தச் சந்தைவிட அதைச் சுற்றியிருப்பதுதான் பெரிய செல்வம். சுல்தான் பள்ளிவாசலின் தங்கக் குவிமாடத்தைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். பக்கத்தில் போய்க் குவிமாடத்தின் அடிப்பகுதியைக் கூர்ந்து பாருங்கள். கறுப்புப் பட்டைபோல் தெரிவது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். 1932இல் கட்டி முடித்த இந்தப் பள்ளிவாசலுக்குப் பணம் கொடுக்க முடியாத ஏழைகள் புட்டிகளைக் கொடுத்தார்கள். அவர்கள் பங்கும் குவிமாடத்தில் இருக்க வேண்டும் என்று அவற்றைப் பதித்தார்கள். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த கலைப்பொருள்களில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை. எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908 முதல் இருக்கிற ஸம் ஸம் கடையில் கறி அடைத்த முர்தபாக் ரொட்டி சாப்பிடலாம். வெள்ளிக்கிழமை நண்பகலை மட்டும் தவிர்த்துவிடுங்கள், தொழுகை நேரம்.

எமரல்ட் ஹில்லைத் தனிப் பயணமாக எண்ணாதீர்கள். ஆர்ச்சர்ட் சாலையில் கடை பார்க்கப் போகிற நாளில், சாமர்செட் எம்ஆர்டியிலிருந்து ஐந்து நிமிடம் ஒதுங்கினால் போதும். இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் கட்டிய வரிசை வீடுகள், செதுக்கிய அரைக்கதவுகள், கூஜா வடிவத் தொட்டியில் அல்லி. அமைதி, செழிப்பு, நல்ல நிழல். எல்லாம் தனியார் வீடுகள் என்பதால் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை.

உண்மையான போட்டி தியோங் பாருவுக்கும் ஜூ சியாட்டுக்கும் இடையில்தான். இரண்டிலும் மக்கள் வாழ்கிறார்கள். இரண்டிலும் வீட்டு விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது. இரண்டிலும் முதல் தெருவிலேயே நடை தானாக மெதுவாகிவிடும்.

தியோங் பாரு என்ற பெயரே ஒரு வரலாறு. ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியில் தியோங் என்றால் கல்லறை, மலாயில் பாரு என்றால் புதிது. இடுகாடாக இருந்த மேட்டைச் சமன்படுத்தி, 1936இல் முதல் அடுக்குமாடிகளைக் கட்டினார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) பிறந்தது 1960இல்தான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே அரசு அமைப்பு ஒன்று கட்டிய அடுக்குமாடி வீடுகள் இவை என்பதைச் சொன்னால், வீவக வீடுகளைப் பார்த்துப் பார்த்து வியக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே அதன் முக்கியத்துவம் புரிந்துவிடும். கப்பல், விமானம், மோட்டார் கார் ஆகியவற்றின் வேகத்தைக் கட்டடத்தில் கொண்டுவர முயன்ற காலம் அது. மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருக்கும். கப்பலில் இருப்பதுபோல் வட்டச் சன்னல்கள். மாடியைச் சுற்றி நீண்டு ஓடும் கோடுகள். அக்காலத்து மக்கள் இவற்றை விமான வீடுகள் என்றே அழைத்தார்கள். போருக்கு முந்திய 20 புளோக்குகள் 2003 முதல் பாதுகாக்கப்பட்டவை.

எல்லோரும் முன்பக்கத்தைப் படமெடுக்கிறார்கள். நான் அழைத்துப் போகிறவர்களைப் பின்சந்துக்குக் கூட்டிப் போவேன். அங்கே சுவரை ஒட்டி, சிமென்டில் வார்த்த சுழற்படி மேலே ஏறிப் போகும். படியின் விளிம்பு தேய்ந்து நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் யாரோ ஒருவர் கறிவேப்பிலையோ, சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் பாண்டான் இலையோ தொட்டியில் வைத்திருப்பார். கைப்பிடியில் தரைத்துணி காயும். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் சங்கின் உட்புறம் போலிருக்கும். காலை எட்டு மணிக்கு வெயில் அந்தச் சந்துக்குள் ஒரு பக்கம் மட்டும் விழும்போது, வெள்ளைச் சுவரும் நிழலும் பிரிகிற அந்தக் கோட்டுக்காகவே அங்கே போகலாம்.

தெருப் பெயர்களையும் கவனியுங்கள். எங் ஹூன், செங் போ, யோங் சியாக், கிம் போங் என்று அனைத்தும் சீன வணிகர்கள், கொடையாளர்கள் பெயர்கள். சுவரோவியம் வேண்டுபவர்களுக்கு இயிப் யூ சோங் வரைந்தவை மூன்று இருக்கின்றன. கணக்காளராக இருந்து ஓவியரானவர் அவர். செங் போ சந்தில் இருக்கிற பறவை மூலை ஓவியத்துக்கு ஒரு பின்னணி உண்டு. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் கூண்டுப் பறவைகளைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அவை பாடுவதைக் கேட்டபடி பெரியவர்கள் காப்பி குடித்தார்கள். அந்தக் கடை போய்விட்டது, ஓவியம் இருக்கிறது.

காலை உணவுக்குச் சந்தையின் மேல்மாடி. கீழே ஈரச்சந்தை, மேலே உணவங்காடி நிலையம். அங்கே கிடைக்கும் சுவீ குவே நம் நாக்குக்கு அந்நியமல்ல. அரிசி மாவைச் சிறு கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வேகவைத்து, மேலே வதக்கிய உப்பு முள்ளங்கி வைத்துத் தருவார்கள். இட்லிக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். சைவம் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். முள்ளங்கியைப் பன்றிக் கொழுப்பில் வதக்கும் வழக்கம் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். இதே தெருவில் வெண்ணெய் மணக்கும் ரொட்டிக் கடைகளும் கஃபேக்களும் உண்டு. மேல்மாடிக் கடையில் காப்பி இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடியும். கஃபேயில் அதே கோப்பைக்கு மூன்று நான்கு மடங்கு ஆகும். இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன். இந்த வட்டாரம் எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்பது அந்த இரண்டு கோப்பைகளில் தெரியும். நான் ஆசையாகப் போய்வந்த சிறிய புத்தகக் கடை ஒன்று இங்கே இருந்தது. இன்று அது இல்லை. அந்தக் கதவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

தியோங் பாருவின் பெரிய வசதி அதன் அளவு. இரண்டு மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம், நிலம் சமதளம், ஹேவ்லாக் எம்ஆர்டி அருகில். குறை என்னவென்றால் சைவ உணவுக்குத் தேட வேண்டும், திங்கட்கிழமைகளில் பல கடைகள் மூடியிருக்கும். இன்னொன்றும் உண்டு. அதன் அழகு அடக்கமானது. வெள்ளையும் சாம்பலுமான வளைவுகளை ரசிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வரைகிறவர்கள், புகைப்படக்காரர்கள், தனியாக நடக்க விரும்புகிறவர்கள் சொக்கிப்போவார்கள். என் சித்தப்பா பத்து நிமிடத்தில், "எல்லாம் நம் ஊர்ப் பழைய அரசுக் குடியிருப்பு மாதிரி இருக்கிறதே" என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அதே சித்தப்பாவையும் தேவகோட்டையிலிருந்து வந்திருந்த பெரியம்மாவையும் மறுமுறை ஜூ சியாட்டுக்கு அழைத்துப் போனேன். மரின் பரேட் எம்ஆர்டியில் இறங்கி, முதலில் சிலோன் சாலையில் இருக்கும் ஸ்ரீ செண்பக விநாயகர் கோவில். செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாருக்கு எழுந்த கோவில் அது. இலங்கைத் தமிழர்கள் பேணி வளர்த்தது. காலை வேளையில் பூசை முடிந்து வெளியே வந்தால் மனமும் வயிறும் தயாராக இருக்கும். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் கோவிலை முதலில் வைத்துக்கொள்வதே சரி. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தமிழில் பேசிக்கொள்ள, கால் நீட்டி உட்கார ஓர் இடத்திலிருந்து நடையைத் தொடங்கலாம்.

அங்கிருந்து ஈஸ்ட் கோஸ்ட் சாலைக்கு வந்தால் கடைவீடுகள் தொடங்கிவிடும். இந்த வட்டாரத்தின் அடையாளம் பெரனாக்கான் பண்பாடு. அது சீனர்களுடையது என்றே பலரும் நினைக்கிறார்கள். நெடுங்காலத்துக்கு முன் இங்கே வந்து குடியேறி, இந்த மண்ணின் பெண்களை மணந்து, மலாய் பேசி, தங்கள் சாமியையும் விடாமல் வாழ்ந்தவர்கள் வேறு இனங்களிலும் உண்டு. மலாக்காவின் செட்டிகள் என்று அழைக்கப்படுகிறவர்கள் தமிழ் வணிகர்களின் வழி வந்தவர்கள், இன்றும் இந்துக்கள். இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் சட்டென்று நின்றுவிட்டார். "அப்படியென்றால் நம் சனமும் இதில் இருக்கிறது என்று சொல்" என்றார்.

ஆனால் அவரை உண்மையில் நிறுத்தியது ஓர் ஓடு. கூன் செங் சாலை வீடுகளைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள்: இருபுறமும் எதிரெதிராக நிற்கும் இரண்டு மாடி வரிசை வீடுகள், புதினாப் பச்சை, ரோஜா, வெளிர்நீலம், சுவரில் புடைத்து நிற்கும் மிருகங்களும் பூங்கொத்துகளும். அதற்குச் சற்று முன்னால், ஜூ சியாட் சாலையில் ஒரு கடைவீட்டின் முன்னால் கூரையிட்ட ஐந்தடி நடைபாதையில் பெரியம்மா குனிந்துவிட்டார். சன்னலுக்குக் கீழே இடுப்பளவு உயரத்துக்குப் பதித்த மெருகோடுகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம்கூட இல்லை. நடுவில் ஒரு ரோஜா. இதழ்கள் ஓட்டிலிருந்து மேடாக எழுந்து நின்றன, விரலால் தடவினால் ஒவ்வொரு இதழும் தனியாகத் தட்டுப்பட்டது. பள்ளமான இடத்தில் வண்ணம் தேங்கி அடர்ந்திருந்தது, மேட்டில் மெலிந்து வெளுத்திருந்தது. நாலு ஓடு சேர்ந்த மூலையில்தான் இலை முழுமை அடைந்தது. ஓர் ஓடு எப்போதோ உடைந்து, அதற்குப் பதிலாக ஏறக்குறைய அதே நிறத்தில் வேறொன்றை வைத்திருந்தார்கள்; அதில் மட்டும் ரோஜா தட்டையாக இருந்தது.

"இது எங்கள் வீட்டு வளவில் இருந்தது" என்றார் பெரியம்மா. ஆத்தங்குடிப் பூக்கல்லைத்தான் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அதில்லை என்று தலையசைத்தார். ஆத்தங்குடிக் கல் தரைக்கு. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமென்டை ஊற்றி எடுப்பது. தொட்டால் வழவழப்பாக, மேடுபள்ளம் இல்லாமல் இருக்கும். இது சுவருக்குப் பதித்த கப்பல் சரக்கு என்றார். அவர் சொன்னது சரிதான். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் வார்த்த மெருகோடுகள் இந்தத் துறைமுகத்துக்கும் வந்தன, இந்தியாவுக்கும் போயின. செட்டிநாட்டு வீடுகளிலும் இன்றும் இருக்கின்றன. பர்மாத் தேக்கும் ஐரோப்பியக் கண்ணாடியும் போல இவையும் கப்பலேறிப் போனவை. இங்கே வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்து அங்கே வீடு கட்டியவர்களுக்கும், இங்கேயே சம்பாதித்து இங்கேயே வீடு கட்டியவர்களுக்கும் ஒரே ரோஜா பிடித்திருந்தது. அந்த ஓட்டின் முன்னால் பெரியம்மா நின்ற அளவுக்கு மரினா பேயில் எதன் முன்னாலும் நிற்கவில்லை.

செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வருகிற எவருக்கும் நான் தயங்காமல் ஜூ சியாட் என்று சொல்வதற்கு இதுவே காரணம். மற்றவர்களுக்கும் பெரும்பாலும் அதையே சொல்கிறேன். அழகு அங்கே கண்ணை வந்து தொடுகிறது, பொறுமை கேட்பதில்லை. சாப்பாட்டிலும் எல்லோருக்கும் வழி உண்டு. இந்தப் பகுதிக்கே உரிய காத்தோங் லக்சாவில் நூடல்ஸைத் துண்டுதுண்டாக வெட்டிப் போடுவார்கள், கரண்டி ஒன்றே போதும். தேங்காய்ப்பாலும் இறாலும் கலந்த குழம்பு. சங்குப்பூ நீலம் ஏறிய, நோன்யா என்னும் பெரனாக்கான் பெண்களின் கைப்பக்குவமான அரிசிப் பொட்டலம், பனைவெல்லம் ஒழுகும் கொழுக்கட்டை போன்ற ஒண்டே ஒண்டே. நடையை வடக்கு நோக்கி முடித்தால் கேலாங் சிராய் சந்தை வந்துவிடும். அந்தப் பக்கத்தில் புட்டு பிரிங் விற்கிறார்கள். பெயரிலேயே உறவு தெரிகிறது. அரிசி மாவு, உள்ளே வெல்லம், மேலே தேங்காய்ப்பூ, ஒரு துண்டு பாண்டான் இலை. அங்கிருந்து பாய லேபார் எம்ஆர்டிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோவிலிலிருந்து சந்தை வரை நேராக நடந்தாலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இடையில் ஒரு பஸ் தேவைப்படும். வங்கி அட்டையைத் தட்டியே ஏறலாம், தனி டிக்கெட் வேண்டாம். நல்லவேளையாகப் பெரும்பகுதி ஐந்தடி நடைபாதைக்குக் கீழேயே போகலாம். 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம் கடைகளுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை வேண்டும் என்றது. அந்த விதி இன்றைக்கும் நம் தலையை நனையாமல் காக்கிறது. தியோங் பாருவில் மழை வந்தால் ஒதுங்கி நிற்கத்தான் வேண்டும்.

கூன் செங் சாலையில் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அந்த வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன. கேட்டைத் திறந்து முற்றத்துக்குள் போய்ப் படமெடுக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒரு முதியவர் செய்தித்தாளை எடுக்க வெளியே வர முடியாமல், வாசலில் உட்கார்ந்திருந்த மணமக்கள் எழுவதற்காகக் காத்து நின்றார். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து எடுத்தால் வீடு முழுவதும் படத்தில் விழும். படமும் அதுதான் நன்றாக வரும்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இப்படித்தான் போகும். பெற்றோரோடு வருகிறீர்களா, ஜூ சியாட். காலை எட்டு மணிக்குக் கோவிலில் தொடங்குங்கள், பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். தனியாக வருகிறீர்கள், கையில் ஒரு குறிப்பேடோ கேமராவோ இருக்கிறது என்றால் தியோங் பாரு, அதுவும் வார நாளில், திங்கள் தவிர. பிள்ளைகள்தான் முடிவு செய்கிறார்கள் என்றால் கம்போங் கிளாம், பிற்பகலில். புட்டிகளைக் காட்ட மறக்காதீர்கள். திருமண நாளைக் கொண்டாட வருகிற தம்பதிக்கு டெம்ப்சியில் ஓர் இரவு உணவு, விலைப்பட்டியலைப் படித்துவிட்டு. இரண்டு வட்டாரங்களை ஒரே காலையில் அடக்க முயலாதீர்கள். அப்படிச் செய்தவர்கள் எம்ஆர்டியைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

பெரியம்மா ஊருக்குப் போன பிறகு தேவகோட்டையிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பூட்டிக் கிடக்கும் பழைய வீட்டை யாரிடமோ சாவி வாங்கித் திறந்து, வளவுச் சுவரில் தூசியைத் துடைத்து எடுத்திருக்கிறார். ரோஜா, நான்கு மூலையிலும் இலை. ஒட்டடை படிந்த பகுதிக்கும் துடைத்த பகுதிக்கும் நடுவே அவர் கை நிழல் விழுந்திருக்கிறது. கீழே ஒரே வரி: அங்கே உடைந்திருந்த ஓட்டுக்கு இங்கே ஒன்று உபரியாகக் கிடக்கிறது, அடுத்த முறை வரும்போது எடுத்து வரட்டுமா?